வைணு பாப்பு: காவலூர் மலைப்பாதையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை வேனில் ஏற்றி, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போவேன். வாசலில் 'வைணு பாப்பு வானாய்வகம்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கேள்விகள் கிளம்பிவிடும். பிள்ளைகள், பெற்றோர், வேன் ஓட்டும் தம்பி, சக ஆசிரியர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைத் தருகிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், கொஞ்சம் சிக்கலானவை கீழே.

வைணு பாப்புன்னா யாரு சார்? சாமி பேரா?

மனிதர் பெயர்தான். முழுப்பெயர் மணலி கல்லட் வைணு பாப்பு. 1927 ஆகஸ்ட் 10 அன்று பிறந்து 1982இல் மறைந்த வானியலாளர். சுதந்திர இந்தியாவில் ஒளியியல் வானியல், அதாவது தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்பி நட்சத்திர வெளிச்சத்தை அளக்கும் வேலை, இன்றைக்கு இருக்கும் நிலைக்கு வந்ததில் அவருடைய உழைப்பு மிகப் பெரியது. நாம் ஏறிவந்த இந்த மலையைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

தமிழரா? மலையாளியா? தெலுங்குக்காரரா?

வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். குடும்பத்தின் வேர் வட கேரளத்தில். பிறந்தது சென்னையில். வளர்ந்ததும் படித்ததும் ஹைதராபாத்தில். வாழ்நாளின் முக்கியமான வேலைகள் பெரும்பாலும் நடந்தது கொடைக்கானலிலும் காவலூரிலும் பெங்களூரிலும். மூன்று மாநிலத்தாரும் 'எங்க ஆள்' என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் யாரோடும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

அப்பாவும் இதே துறையாமே?

ஆமாம். தந்தை ஹைதராபாத் பேகம்பேட்டையில் இருந்த நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். பாப்பு வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கிக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை என்றால் மிகையில்லை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை நூலைத் தொட்டுப் பார்த்தே அதன் தரம் சொல்லுவதுபோல, இவருக்குக் கருவிகள் சின்ன வயதிலேயே கைக்குப் பழகிவிட்டன. கல்லூரி நாட்களிலேயே ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்.

இதை நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் அவர் செய்த ஒவ்வொரு பெரிய காரியத்திலும் 'கருவியை நாமே செய்வோம்' என்ற பிடிவாதம் தெரியும். அந்தப் பிடிவாதம் இந்த வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்?

ஹார்வர்டு வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஹார்லோ ஷாப்லி இந்தியா வந்திருந்தபோது இளைஞர் பாப்பு அவரைச் சந்தித்தார். அந்தத் தொடர்பும் ஹைதராபாத் அரசின் உதவித்தொகையும் சேர்ந்து 1949இல் அவரை ஹார்வர்டுக்குக் கொண்டுபோயின. 1952இல் முனைவர் பட்டம். அதன்பிறகு கார்னகி ஆய்வுநிதி பெற்று, அன்றைக்கு உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியான 200 அங்குலக் கருவி இருந்த கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத்துக்குப் போனார்.

வால் நட்சத்திரம் கண்டுபிடிச்சது இவர்தானே?

இவர்தான். ஹார்வர்டில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1949 ஜூலை 2 இரவு எடுத்த ஒளிப்படத் தட்டைக் கழுவிப் பார்த்தபோது, நட்சத்திரப் புள்ளிகளுக்கு நடுவே வாலோடு ஒன்று தெரிந்தது. ஆசிரியர் பார்ட் பாக்கும் சக மாணவர் கார்டன் நியூகிர்க்கும் சேர்ந்து அதை உறுதிசெய்தார்கள். அதனால் மூவர் பெயரையும் சேர்த்து 'பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீன்' ஆனது. அது சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 60,000 ஆண்டு ஆகும் என்று அன்று கணக்கிட்டார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்காகப் பசிபிக் வானியல் கழகம் அவருக்கு டோனஹோ வால்மீன் பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை.

அப்போ அதுதான் அவரோட பெரிய சாதனையா?

செய்தித்தாள்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். வால் நட்சத்திரம் என்றால் படிப்பவர்களுக்கு உடனே புரிந்துவிடும், அதுதான் காரணம். என்னைக் கேட்டால், வால்மீன் அவர் கையில் வந்து விழுந்த பரிசு. கண்ணும் கவனமும் இருந்தவருக்கு விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அறிவியலில் அவர் பெயர் நிற்பது 'வில்சன்-பாப்பு விளைவு' என்ற கண்டுபிடிப்பால். நம் நாட்டில் அவர் பெயர் நிற்பது காவலூரால். இரண்டையும் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

வில்சன்-பாப்பு விளைவுன்னா என்ன? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.

தெருவில் தூரத்தில் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அது பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கா, தூரத்தில் இருக்கும் பெரிய விளக்கா? பார்வைக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விளக்கின் மேல் '40 வாட்' என்று எழுதியிருந்தால் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். நட்சத்திரங்களிலும் இதே சிக்கல்தான். அதன் மேல் எழுதியிருக்கும் 'வாட்' எண்ணை எங்கே போய்ப் படிப்பது?

நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் குறுக்கே கருங்கோடுகள் தெரியும். கண்ணுக்கு எட்டும் ஊதா நிறத்தின் விளிம்பில், 3,933 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், கால்சியம் உண்டாக்கும் அகலமான கருங்கோடு ஒன்று உண்டு. அதைக் 'கே கோடு' என்பார்கள். சூரியனைப் போன்ற, அல்லது அதைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களில் அந்தக் கருங்கோட்டின் அடிமடியில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று எழும்பி நிற்கும். இருண்ட பள்ளத்தாக்கின் நடுவே ஒரு சின்னக் குன்று போல. அந்தக் குன்றின் அகலத்தை அளந்தால் போதும், நட்சத்திரத்தின் உண்மையான ஒளிர்வு தெரிந்துவிடும் என்று அமெரிக்க வானியலாளர் ஓலின் வில்சனும் பாப்புவும் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். குன்று அகலமானால் நட்சத்திரம் பெரிய விளக்கு. ஒடுங்கினால் சின்ன விளக்கு.

அவர்கள் அளந்தது 185 நட்சத்திரங்கள். ஒளித்தர அளவில் 15 படிகளுக்கு இந்த உறவு பிசகாமல் நின்றது. 5 படி என்பது 100 மடங்கு, அப்படியானால் 15 படி என்பது பத்து லட்சம் மடங்கு. மின்மினியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஒரே அளவுகோல். இதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கே ஒரு சிலிர்ப்பு வரும்.

வெளிச்சக் கோடு எவ்வளவு பிரகாசமா இருக்குங்கிறது முக்கியமில்லையா?

நல்ல கேள்வி. ஒரு கல்லூரி மாணவி கேட்டது இது. அந்தக் குன்றின் உயரம் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் மாறும். சில நட்சத்திரங்களின் மேற்பரப்பில் காந்தக் கொந்தளிப்பு அதிகம், அங்கே குன்று உயர்ந்து நிற்கும். அமைதியான நட்சத்திரத்தில் தாழ்ந்திருக்கும். ஆனால் அகலம் அதற்கெல்லாம் அசையாமல் ஒளிர்வையே பின்பற்றியது. அந்தக் கண்டுபிடிப்பின் வியப்பே அங்கேதான் இருக்கிறது.

ஏன் அப்படி நடக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்ததா?

உறவு முதலில் கிடைத்தது, விளக்கத்துக்குப் பின்னால் பலர் பல காலம் உழைத்தார்கள். குன்று உண்டாவது நட்சத்திரத்தின் கண்ணுக்குத் தெரியும் பரப்புக்கு மேலே உள்ள 'நிறமண்டலம்' என்ற அடுக்கில். ஊதிப் பெருத்த நட்சத்திரத்தில் மேற்பரப்பு ஈர்ப்பு குறைவு, அந்த அடுக்கு தடித்திருக்கும், கோடும் விரியும். இது மேலோட்டமான விளக்கம். உள்ளே நுழைந்தால் வாயுவின் ஓட்டம், வெப்பம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

பாப்பு இதை அப்படியே விட்டுவிடவில்லை. கொடைக்கானல் வந்த பிறகு, நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே நட்சத்திரமான சூரியனில் அதே கே கோட்டைத் தேடிப்போனார். கே.ஆர். சிவராமனோடு சேர்ந்து, சூரியப் பரப்பில் எந்த நுண்ணிய ஒளிப்புள்ளிகள் இந்தக் குன்றின் அகலத்தைத் தீர்மானிக்கின்றன என்று ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார். 185 தூரத்து நட்சத்திரங்களில் கண்டதை வீட்டு முற்றத்தில் வைத்துச் சரிபார்த்தது போன்ற வேலை அது.

இவ்வளவு நல்லா போயிட்டிருந்தவர் ஏன் இந்தியாவுக்குத் திரும்பினார்?

அவர் மனதுக்குள் புகுந்து நான் சொல்ல முடியாது. நடந்ததைச் சொல்கிறேன். 1953இல் திரும்பினார். அன்று நட்சத்திரங்களை ஆராயத்தக்க பெரிய தொலைநோக்கி இந்தியாவில் இல்லை. 1954இல் உத்தரப்பிரதேச அரசின் வானாய்வகப் பொறுப்புக்கு வந்தார். அது வாரணாசியில் இருந்தது. சமவெளிப் புழுதியிலும் நகர வெளிச்சத்திலும் நட்சத்திரம் அளப்பது ஆகாத காரியம் என்று கண்டு, 1955இல் அதை இமயமலை அடிவாரத்து நைனிதாலுக்கு மாற்றினார். பின்னர் பல இடங்களில் அவர் செய்த வேலையின் முதல் ஒத்திகை அது: முதலில் நல்ல இடம், பிறகு கருவி, பிறகு ஆட்கள்.

கொடைக்கானலுக்கு எப்போ வந்தார்?

1960இல், இயக்குநராக. வயது அப்போதுதான் முப்பதைத் தாண்டியிருந்தது. கொடைக்கானல் வானாய்வகத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் வாரிசு அது. நார்மன் போக்சனும், திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் வேலை பார்த்தது அந்தச் சென்னை ஆய்வகத்தில்தான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனை ஆராய ஒரு மலை வேண்டும் என்று தேடி, 1899இல் கொடைக்கானலுக்குப் போனார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான்.

பாப்பு போனபோது அது பழம்பெருமை உள்ள, சூரியனை மட்டும் பார்க்கும் இடம். இரவு வானத்துக்கு அங்கே வழி இல்லை.

கொடைக்கானல் உயரமான மலைதானே? அங்கேயே பெரிய தொலைநோக்கி வெச்சிருக்கலாமே? எதுக்கு காவலூர்?

உயரம் மட்டும் போதாது. கொடைக்கானலில் காலைச் சூரியனைப் பார்க்க அருமையான வானம். மதியத்துக்கு மேல் மேகமும் இரவில் மூடுபனியும் ஏறிவிடும். கோடைக்கு அங்கே போய் வந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இரவு வேலைக்குத் தெளிந்த வானம் வருடத்தில் எத்தனை இரவு கிடைக்கும் என்பதுதான் கணக்கு.

அதற்காகப் பல இடங்களைப் பார்த்துச் சோதித்துத்தான் ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர்தான் உயரம். ஆனால் சுற்றிலும் காடும் குன்றும், அருகில் பெரிய நகரம் இல்லை. இன்னொரு வசதி, அட்சரேகை 12.5 பாகை. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வட வானம், தென் வானம் இரண்டும் எட்டும். தென் வானத்துப் பொருள்களைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியாவில் விடிந்துபோனதற்கும் தென்னாப்பிரிக்காவில் இருட்டுவதற்கும் இடைப்பட்ட மணிநேரங்கள் நம் பக்கத்துக்குச் சொந்தம். இந்த இடைவெளி எவ்வளவு உதவியது என்பதைக் கீழே யுரேனஸ் கேள்வியில் பார்க்கலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காவலூரில் வேலை நடக்காது. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் அறுவடைக் காலம்.

காவலூர்ல முதல்ல என்ன இருந்தது?

38 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட ஒரு தொலைநோக்கி. வெளிநாட்டில் வாங்கியதில்லை, தங்கள் பட்டறையிலேயே செய்தது. 1968இல் அதைக் கொண்டுதான் காவலூரில் வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இதற்கு நடுவே 1971இல் கொடைக்கானல் ஆய்வகம் 'இந்திய வானியற்பியல் நிறுவனம்' என்ற தன்னாட்சி அமைப்பாகி, பின்னர் பெங்களூர் அதன் தலைமையிடமானது. பாப்புதான் முதல் இயக்குநர்.

யுரேனஸ் வளையத்தைக் கண்டுபிடிச்சது காவலூர்தான்னு ஒரு வீடியோல சொன்னாங்களே?

பாதி சரி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோனது. அதைப் பார்க்க உலகில் பல இடங்களில் காத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சில நொடிகள் மங்கியது. வானூர்தியில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழு தொடர்ச்சியாகப் பல மங்கல்களைப் பதிவுசெய்து, இவை வளையங்கள் என்று அறிவித்தது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதே மங்கலைப் பிடித்தார்கள். முதலில் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். பிறகு பட்டாச்சார்யாவும் பாப்புவும் பதிவை மீண்டும் ஆராய்ந்து வளைய அமைப்பு பற்றி எழுதினார்கள்.

எனவே 'காவலூரும் கண்டது' என்று சொல்லுங்கள். கருவி வந்து ஐந்தே ஆண்டில், ஜவ்வாது மலையிலிருந்து அந்த வரிசையில் நின்றோம் என்பதே பெருமைதான். அதற்கு மேல் மிகைப்படுத்தத் தேவையில்லை.

கானிமீடுக்குக் காற்று இருக்குன்னு சொன்னதும் இவங்கதானா? அது தப்புன்னு படிச்சேன்.

1972இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூரிலும் இந்தோனேசியாவிலும் பதிவுசெய்து, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்றார்கள். 1979இல் வாயேஜர் விண்கலம் பக்கத்தில் போனபோது, அந்த அளவுக்குக் காற்று இல்லை என்று தெரிந்தது. பின்னர் 1990களில் ஹபிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலத்தைக் கண்டது. ஆக, அன்று சொன்ன அளவு தவறு. இதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்கிறேன். அளவு திருத்தப்படுவது அறிவியலில் அன்றாட வேலை.

அந்தப் பெரிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை அவர்தானே செஞ்சார்?

கனவும் திட்டமும் வழிநடத்தலும் அவருடையவை. கைகள் பலருடையவை. கண்ணாடி வட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. அதை அரைத்துக் குழிவாக்கி மெருகேற்றியது பெங்களூரில், ஏ.பி. ஜெயராஜன் தலைமையில். இரும்பு உடலைச் செய்தது மகாராஷ்டிராவின் வால்சந்த்நகர் தொழிற்சாலை. ஆள் உயரத்தைவிட அகலமான கண்ணாடி அது. அதன் பரப்பு முழுக்க, ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்குக்கு மேல் மேடுபள்ளம் இருக்கக் கூடாது. அரைப்பது, நிறுத்துவது, அளப்பது, மறுபடி அரைப்பது என்று வருடக்கணக்கில் போகும் பொறுமை வேலை.

பணம் கொடுத்து வெளிநாட்டில் முழுசாக வாங்கியிருக்கலாமே என்று ஒரு பெற்றோர் கேட்டார். வாங்கியிருந்தால் தொலைநோக்கி மட்டும்தான் கிடைத்திருக்கும். செய்ததால், செய்யத் தெரிந்த ஆட்களும் கிடைத்தார்கள். பாப்புவின் மொத்த வாழ்க்கையையும் எனக்கு ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அது ஆசியாவிலேயே பெருசா?

அப்போது அப்படித்தான் எழுதினார்கள். ஆர்மீனியாவின் பியூரகானில் 2.6 மீட்டர் தொலைநோக்கி 1970களிலேயே இருந்தது. ஆர்மீனியாவை ஆசியாவில் சேர்ப்பீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது பதில். நான் 'அன்று இந்தியாவிலேயே பெரியது' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இன்று நைனிதால் அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது.

அந்தத் தொலைநோக்கியில அவர் முதன்முதல்ல எதைப் பார்த்தார்?

எதையும் பார்க்கவில்லை. இதைச் சொல்லும்போது வேனே அமைதியாகிவிடும். 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1981இல் பத்மபூஷண். 1982 ஆகஸ்டில் கிரேக்கத்தின் பாட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் பொதுப்பேரவை கூடியபோது, தலைவர் ஜெர்மனியின் மியூனிக்கில் இதய அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார். ஆகஸ்ட் 19 அன்று அங்கேயே இறந்தார். 55 வயது முடிந்து ஒன்பதே நாள்.

தொலைநோக்கி முதன்முதலில் வானத்து ஒளியைப் பிடித்தது 1985 நவம்பரில். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். மேலே சொன்ன பட்டாச்சார்யாதான் அப்போது இயக்குநர். பாப்பு விட்ட இடத்திலிருந்து வேலையை முடித்துக் கொடுத்தவர். பட்டாச்சார்யாவின் பெயரில் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இப்போது அதே வளாகத்தில் இருக்கிறது.

நாங்க போனா அந்தப் பெரிய தொலைநோக்கியில கண்ணை வெச்சுப் பார்க்கலாமா?

முடியாது, ஆராய்ச்சியாளர்களும் அதில் கண்ணை வைப்பதில்லை. கருவிதான் ஒளியை வாங்கிப் பதிவுசெய்யும். பொதுமக்களுக்குத் தனியாகச் சின்னத் தொலைநோக்கியில், வானம் ஒத்துழைத்தால், காட்டுவார்கள். நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மேலே போனால் கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள். ஒருமுறை எங்கள் வேனின் முகப்பு விளக்கு தவறுதலாக எரிய, இருட்டுக்குப் பழகிய முப்பது பிள்ளைகளின் கண்ணும் ஒரே நொடியில் கூசிப்போய், மறுபடி பால்வீதி தெரிய கால் மணிநேரம் ஆனது.

லடாக்ல இருக்கிற சந்திரா தொலைநோக்கியும் இவர் பேர்லயா?

இல்லை. ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கி சுப்ரமணியன் சந்திரசேகர் பெயரில் உள்ளது. அவர் காகிதத்தில் கணக்குப் போட்டு நட்சத்திரத்தின் உள்ளே போனவர். பாப்பு கருவியோடு இரவில் விழித்திருந்தவர். காவலூர், ஹான்லே இரண்டையும் நடத்துவது ஒரே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான், குழப்பம் அதனால் வருகிறது. பாப்பு பெயரில் வானத்தில் ஒரு குறுங்கோளும் உண்டு, எண் 2596.

வீட்டு மாடியிலிருந்து எதையாவது காட்டி 'இது பாப்பு ஆராய்ந்தது'ன்னு பிள்ளைக்குச் சொல்ல முடியுமா?

தாராளமாக. மார்ச் மாதக் கடைசியில் இரவு 8 மணிக்கு மேல் மாடிக்குப் போங்கள். மேற்கே சற்றுச் சாய்ந்து ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி இருக்கும். 9 மணிக்கு மேல் கிழக்கே அதே நிறத்தில் சுவாதி ஏறும். இரண்டும் குளிர்ந்த பெரிய நட்சத்திரங்கள், மேலே சொன்ன 'பள்ளத்தாக்குக் குன்று' இரண்டின் நிறமாலையிலும் உண்டு. ரோகிணி 65 ஒளியாண்டு, சுவாதி 37 ஒளியாண்டு தொலைவு.

பிறகு தெற்கே திரும்புங்கள். பளீரென்று தெரிவது அகத்தியர் நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம், சற்று மேலே, கையை நீட்டி முட்டி பிடித்தால் அடிவானத்திலிருந்து மூன்று முட்டி உயரத்தில், நீலம் கலந்த வெள்ளையாக ஒன்று இருக்கும். காமா வெலோரம். அதில் வுல்ஃப்-ராயெ வகை நட்சத்திரம் ஒன்று இருக்கிறது, தன் வெளிப்புறத்தைக் காற்றாக ஊதித் தள்ளும் கொதிக்கும் வகை. அந்த வகையை ஆராய்வதில் பாப்பு பல ஆண்டு செலவிட்டார். நைனிதாலில் இது ஒன்றேகால் முட்டி உயரத்துக்கு மேல் எழும்பாது. நம் ஊரில் மூன்று முட்டி எழும்பும்.